கூவி விற்ற குளிர்காலம்

2006-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ மூன்று மாதங்கள், மலையைக் குடைந்து கட்டிய ஒரு நகரத்தின் கல்தரையில் நின்று நாங்கள் கூவிக்கொண்டிருந்தோம். நகரத்தின் பெயர் அயர்ன்ஃபோர்ஜ், குள்ளர்களின் தலைநகரம். பூமியில் அப்படியோர் ஊர் இல்லை. 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் இணைய விளையாட்டுக்குள் இருக்கிறது. எங்கள் உடல்கள் இருந்ததோ அமெரிக்க நடுமேற்கில், ஒரு பல்கலைக்கழக ஊரின் இரண்டாம் மாடி வாடகை அறையில். வெளியே பனி. உள்ளே ஒரு கணினி, ஒரு கணக்கு, நாங்கள் இருவர்.

ஒரே கணக்கை இருவர் ஆடுவது விளையாட்டின் விதிப்படி தவறு. தெரிந்தேதான் செய்தோம். இருவர் தனித்தனியே மாதச் சந்தா கட்டும் வசதி அன்று எங்களிடம் இல்லை. எங்களில் ஒருவருக்குப் பகலில் வகுப்புகள். மற்றவருக்கு நூலகத்தில் இரவு வேலை. ஆகவே நாற்காலி காலியாக இருந்ததில்லை. எங்கள் பாத்திரத்திற்குத் தச்சன் என்று பெயர் வைத்திருந்தோம். உடன் ஆடிய அமெரிக்கர்களின் வாயில் அது 'தாச்' ஆயிற்று. ஊரறிந்த தாச் ஒருவன். அவனுக்குள் இருவர் இருந்தது எங்களைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

இவ்விளையாட்டைக் கேள்விப்படாத வாசகர்களுக்குச் சிறிது விளக்கம் தேவைப்படும். 2004 நவம்பரில் வெளிவந்தது. 2010-ல் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 லட்சத்தை எட்டினார்கள். அரக்கர்களைக் கொல்வதே இதன் தொழில் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பார்கள். உள்ளே போனால் கைத்தொழில்களின் உலகம் ஒன்று விரியும். ஒவ்வொரு பாத்திரமும் இரண்டு முதன்மைத் தொழில்களைக் கற்றுக்கொள்ளலாம்: சுரங்கம், கொல்லு, தையல், தோல்வேலை, மூலிகை என்று. கொல்லன் செய்த வாளில் அவன் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். அதை ஏலக்கூடத்தில் வைத்துவிட்டு அவன் தூங்கப் போகலாம். விடியும்போது பணம் அஞ்சலில் வந்திருக்கும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது மந்திரமேற்றல். இன்னொருவருடைய வாளுக்கோ கையுறைக்கோ மந்திர வலு ஏற்றித் தரும் தொழில். இதில் விற்கும்படியான பொருள் எதுவும் உருவாவதில்லை. செயல் மட்டுமே விற்பனைக்கு. ஆகவே ஏலக்கூடத்தில் அதை வைக்க முடியாது. வாடிக்கையாளர் தம் வாளுடன் எதிரே வந்து நிற்க வேண்டும். நாங்களும் நிற்க வேண்டும். வேலை முடிந்தபின் வாளில் ஒளி தெரியும். யார் ஏற்றியது என்று எங்கும் எழுதியிருக்காது. எங்கள் சிறு வயதில் தெருவழியே 'ஈயம் பூசலையா' என்றும் 'அம்மி கொத்தலையா' என்றும் குரல் கொடுத்துப் போனவர்களின் தொழிலும் இத்தகையதே. பாத்திரம் வீட்டுக்காரருடையது, அம்மி வீட்டுக்காரருடையது. வந்தவர் விட்டுச் செல்வது பளபளப்பையும் கொத்திய தடத்தையும் மட்டும்தான். குரல் கேட்காத தெருவில் அவருக்கு வேலை கிடையாது.

எங்கள் குரல் ஒலித்த இடம் வணிக அலைவரிசை. நகரங்களுக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும் எழுத்தோடை அது. அயர்ன்ஃபோர்ஜில் வங்கிக்கும் ஏலக்கூடத்திற்கும் இடைப்பட்ட முற்றத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் குழுமியிருப்பார்கள். கூட்டத்தின் சுமை தாளாமல் காட்சி உறைந்து நின்றுவிடும். அதனால் 'லேக்ஃபோர்ஜ்' என்று நகரத்திற்கே ஒரு பட்டப்பெயர். இந்தக் காட்சி புதிதன்று. 1999-ல் வந்த 'எவர்க்வெஸ்ட்' விளையாட்டில் பல வழங்கிகளில் கிழக்குக் காமன்லாண்ட்ஸின் சுரங்கப்பாதை ஒன்று சந்தையாக மாறியிருந்தது. அதைச் சந்தையென்று விளையாட்டை உருவாக்கியவர்கள் வகுக்கவில்லை. ஆடியவர்களே கூடிக் கூவி அப்படி ஆக்கினார்கள். 2001 இறுதியில் வந்த விரிவாக்கத்தில் 'பசார்' என்று முறையான கடைவீதியொன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். பொருளுக்கு விலை குறித்துவிட்டுப் பாத்திரத்தை அங்கே நிறுத்திவிட்டால் போதும், வாய் திறக்கவே வேண்டாம். சுரங்கப்பாதை வெறிச்சோடியது. இதை நாங்கள் பிற்பாடுதான் படித்தோம். முன்பே தெரிந்திருந்தால் எங்கள் தொழிலின் ஆயுளைக் கணித்திருக்கலாம்.

விளம்பரம் எழுதுவது ஒரு கலை என்று எங்களுக்கு அறிவித்தது எந்த வகுப்பறையும் அன்று. ஒரு செய்திக்கு 255 எழுத்துகள்தான் இடம். முதல் விளம்பரத்தில் எங்கள் தேர்ச்சி 300 என்பதையும் (அன்று அதுவே உச்சம்) எங்களுக்குத் தெரிந்த மந்திரங்கள் அனைத்தையும் திணித்தோம். மேலங்கி, கைக்காப்பு, காலணி, கேடயம் என்று நீண்ட அந்தப் பட்டியலை ஒருவரும் படிக்கவில்லை. நகர்ந்துகொண்டே இருக்கும் ஓடையில் ஒரு வரிக்கு வாழ்வு சில விநாடிகள். பிறகு பட்டியலைக் கைவிட்டு ஒரேயொரு மந்திரத்தின் பெயரை மட்டும் சொன்னோம்: 'குருசேடர்'. போர்வீரர்கள் தவம் கிடக்கும் ஆயுத மந்திரம் அது. டைர்ஸ் ஹேண்ட் என்னும் ஊரில் ஸ்கார்லெட் ஆர்ச்மேஜ் எனப்படும் மந்திரவாதிகளைக் கொன்றுகொண்டே இருந்தால் என்றாவது ஒருநாள் அதன் செய்முறைச் சுவடி கிடைக்கும். நாங்கள் முறை வைத்து இரவும் பகலும் கொன்றோம். எத்தனை மந்திரவாதிகள் என்ற கணக்கை நினைவில் கொள்ளாதிருப்பது நல்லது. சுவடி கிடைத்தது நூலக வேலைக்காரர் நாற்காலியில் இருந்த ஒரு பிற்பகலில். மற்றவர் வகுப்பிலிருந்து வந்ததும் அதைக் காட்டிய முகத்தின் பெருமிதத்தை இன்றும் கேலி செய்துகொள்கிறோம்.

பெயருக்கு அடுத்தபடியாக விளம்பரத்தில் வேலை செய்த சொல் எது என்று யாரேனும் கேட்டால், 'நிற்கிறேன்' என்போம். 'வங்கி வாசலில் நிற்கிறேன்' என்று சேர்த்த நாளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாளுடன் வருபவர் திறமையைத் தேடுவதில்லை. மந்திரம் யார் ஏற்றினாலும் ஒன்றுதான், இம்மியும் மாறாது. எங்கே, எப்போது, எவ்வளவு என்பவைதான் அவருக்குக் கேள்விகள். 'எவ்வளவு' என்பதில் நாங்கள் வெகுநாள் தடுமாறினோம். ஊர் வழக்கம் 'உங்கள் விருப்பம்போல் கொடுங்கள்' என்பது. பெருந்தன்மையாகத் தோன்றும் அந்தச் சொல் உண்மையில் வாடிக்கையாளரைச் சங்கடத்தில் தள்ளுகிறது. பழகியவர் ஒன்றும் தராமல் நன்றி கூறிப் போய்விடுவார்; புதியவர் எவ்வளவு தருவது முறை என்று தெரியாமல் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார். 'பொருள் உங்களுடையது, கூலி 5 பொன்' என்று நாங்கள் எழுதத் தொடங்கியதும் புதியவர்கள் வந்தார்கள். பழகியவர்களில் சிலர் எங்களைப் பேராசைக்காரன் என்றார்கள். இருக்கட்டும்.

எத்தனை நிமிடத்திற்கு ஒருமுறை கூவுவது என்பதும் சிக்கலே. இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை கூவினால் எரிச்சலடைந்தவர்கள் உங்களைப் புறக்கணிப்புப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் குரல் அவர்களுக்குக் கேட்காது. கொடுமை என்னவென்றால், யாருக்கெல்லாம் கேட்காமற்போயிற்று என்பது கூவுகிறவருக்குத் தெரியவே தெரியாது. நாங்கள் ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டோம். கூவலைவிடக் கூர்ந்து கவனிப்பதில்தான் வேலை அதிகம் கிடைத்தது. 'மந்திரமேற்றுபவர் தேவை' என்று ஒருவர் கேட்ட கணத்தில் அவர் காதில் முதலில் கிசுகிசுப்பவருக்கே வேலை. எங்களில் ஒருவரின் தட்டச்சு வேகம் அந்தக் குளிர்காலத்தில் இரட்டிப்பாயிற்று. போட்டியாளர் ஒருவருடன் உடன்படிக்கையும் செய்துகொண்டோம்: எங்களிடம் இல்லாத மந்திரத்தைக் கேட்டு வருபவர்களை அவரிடம் அனுப்புவோம், அவரிடம் இல்லாததற்கு எங்களிடம் அனுப்புவார். அவர் ஆணா பெண்ணா, எந்த ஊர் என்பது இன்றுவரை தெரியாது. வாக்குத் தவறியதில்லை.

இப்போது வேலை நடக்கும் முறையைச் சொல்ல வேண்டும்; எங்களுக்கு நேர்ந்ததெல்லாம் அந்த முறையில்தான் அடங்கியிருக்கிறது. விளையாட்டில் இருவர் பொருள் மாற்றிக்கொள்ள ஒரு பரிமாற்றச் சாளரம் திறக்கும். இருவரும் பார்த்து, இருவரும் சம்மதித்தால்தான் கைமாறும். அதில் 'கைமாறாது' என்று குறித்த தனி இடம் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் தம் வாளை அதில் வைப்பார். கூலியையும் அருகே வைப்பார். நாங்கள் மந்திரத்தை ஏற்றுவோம். இருவரும் சம்மதித்த கணத்தில் வாளுக்கு ஒளியும் எங்களுக்குக் கூலியும் ஒருசேர வந்துவிடும். இதில் யாரும் யாரையும் ஏமாற்ற வழியில்லை. ஆனால் மந்திரத்திற்கான மூலப்பொருள்கள் அதற்கு முன்பே எங்கள் பையில் இருந்தாக வேண்டும். குருசேடருக்கு 'ரைச்சஸ் ஆர்ப்' எனப்படும் உருண்டைகள் இரண்டும் ஒளிரும் பெரிய சில்லுகள் நான்கும். உருண்டைகள் ஸ்ட்ராத்தோல்ம் என்னும் பாழ்நகரத்தில் சண்டையிட்டுச் சேர்க்க வேண்டியவை. ஆகவே முதலில் ஒரு பரிமாற்றத்தில், ஈடாக எதுவும் பெறாமல், அவற்றை எங்களிடம் கொடுத்துவிட வேண்டும். பிறகுதான் வாளுக்கான இரண்டாம் பரிமாற்றம். கூலிக்குக் காவல் இருந்தது, பொருளுக்கு இல்லை. நகைக்குப் பொன் கொடுத்துவிட்டு வீட்டுத் திண்ணையில் காத்திருந்த பாட்டிகளின் நிலைமைதான் வாடிக்கையாளருக்கு. தாயின் பொன்னிலும் கைவைப்பவர் என்று தட்டாரைப் பழிக்கும் பழமொழியொன்று நம்மிடம் இருப்பதன் காரணம் தட்டாரின் குணம் அன்று, அந்த இடைவெளிதான் என்று எங்களுக்கு அப்போது புரிந்தது.

பிப்ரவரி மாத இரவு ஒன்றில் ஒரு போர்வீரர் வந்தார். முதல் பரிமாற்றம் முடிந்தது. உருண்டைகளும் சில்லுகளும் எங்கள் பைக்கு வந்தன. இரண்டாம் சாளரம் திறக்கும் முன் அவர் மறைந்துவிட்டார். இணைப்பு அறுந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அது அன்றாடம் நிகழ்வது. எங்களில் அப்போது நாற்காலியில் இருந்தவர் இருபது நிமிடம் காத்திருந்தார். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். நூலகத்தில் தாமதமானால் ஊதியத்தில் பிடிப்பார்கள். பொருள்களை விளையாட்டின் அஞ்சலில் அவருக்கே திருப்பி அனுப்பியிருக்கலாம். காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்து, அப்போதுதான் உறக்கத்திலிருந்து எழுந்து வந்த மற்றவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஓடிவிட்டார்.

அடுத்தவர் உட்கார்ந்தார். பையில் உருண்டைகளும் சில்லுகளும் இருப்பதைப் பார்த்தார்; மற்றவர் ஏலக்கூடத்தில் வாங்கி வைத்த இருப்பு என்று நினைத்தார். அரைமணி நேரத்தில் வேறொருவர் பொருளும் சேர்த்துத் தர முடியுமா என்று கேட்டு வந்தார். நல்ல விலை. குருசேடர் ஏறியது. நள்ளிரவுக்குப் பின் போர்வீரர் திரும்பி வந்தார்.

'வந்துவிட்டேன், மன்னிக்கவும்' என்றார். 'யார் நீங்கள்?' என்று கேட்டோம். அவர் நடந்ததைச் சொன்னார். 'ஆளை மாற்றிச் சொல்கிறீர்கள், உங்களை நான் பார்த்ததே இல்லை' என்றோம். அதில் பொய் இல்லை. அதை எழுதியவர் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தச் சொல்லின் மேலே இருந்த பெயர் தாச். தாச் அவரைப் பார்த்திருந்தான், அவர் கையிலிருந்து வாங்கியிருந்தான்.

அதன்பின் நிகழ்ந்ததை ஊகிக்கலாம். நாங்கள் இரண்டு மாதமாக எந்த ஓடையில் கூவினோமோ அதே ஓடையில் அவர் கூவினார். தாச் திருடன், பொருள் கொடுக்காதீர்கள் என்று. எங்களைப் போல் ஐந்து நிமிட நாகரிகமெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. முன்பு எங்களைப் பேராசைக்காரன் என்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் மட்டும், எனக்கு ஒழுங்காகத்தான் செய்துகொடுத்தான் என்று ஒரு வரி எழுதினார். அது ஓடையில் போயிற்று.

காலையில் இருவரும் பேசி நடந்ததைக் கண்டுபிடித்தோம். கண்டுபிடித்த கையோடு சண்டையும் போட்டோம். சொல்லாமல் போனவர் குற்றமா, கேட்காமல் விற்றவர் குற்றமா என்பதில் தொடங்கி, பால் வாங்கும் முறை, பாத்திரம் கழுவும் முறை வரை அது நீண்டது. ஒரே அறையில் வாழ்பவர்களின் சண்டை எப்போதும் அங்கேதான் முடியும். விரைவுக் குதிரை வாங்குவதற்கென்று சேர்த்துக்கொண்டிருந்தோம். பயிற்சியும் சேர்த்து ஏறத்தாழ 1000 பொன் ஆகும். அந்தச் சேமிப்பிலிருந்து உருண்டைகளும் சில்லுகளும் வாங்கினோம். ஒரு கடிதத்தோடு ஒரு பொருளையே இணைக்க முடிந்த காலம் அது; ஆகவே இரண்டு கடிதங்கள். அவற்றில் என்ன எழுதுவது? உண்மையைச் சொன்னால் விதிமீறலை ஒப்புக்கொண்டதாகும், கணக்கையே இழக்கலாம். நெடுநேரம் யோசித்து, 'நான் மறந்துவிட்டேன், பிழை என்னுடையது, நீங்கள் விரும்பும்போது இலவசமாக ஏற்றித் தருகிறேன்' என்று எழுதினோம். 'நான்' என்று எழுதும்போது எங்களில் யாரை அது குறிக்கிறது என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

பதில் மறுநாள் வந்தது. ஒரே வரி. 'அப்படியானால் என்னை உனக்கு நினைவிருந்திருக்கிறது.'

பொருளைத் திருப்பிக் கொடுத்ததே நாங்கள் பொய் சொன்னதற்குச் சான்றாகிவிட்டது. அவர் கண்ணால் பார்த்தால் வேறெப்படியும் படிக்க முடியாது. அவர் எங்களிடம் மந்திரமேற்றிக்கொள்ள வரவில்லை. ஓடையில் சொன்னதைத் திரும்பப் பெறவும் இல்லை.

வேலை குறைந்தது, நின்றுவிடவில்லை. நம்பத்தக்கவன் என்று விளம்பரத்தில் சேர்க்கலாமா என்று எங்களில் ஒருவர் கேட்டார். சந்தையில் நின்று தன்னை நேர்மையானவன் என்று சொல்லிக்கொள்பவனிடம் யார் வாங்குவார்கள் என்று மற்றவர் மறுத்துவிட்டார். பதிலாகக் கணினியருகே நாற்பது பக்க நோட்டு ஒன்று வந்தது. யார், எப்போது, என்ன கொடுத்தார், வேலை முடிந்ததா என்று பென்சிலால் எழுதுவோம். நாற்காலி மாறும்போது நோட்டைப் படித்த பிறகே விசைப்பலகையைத் தொட வேண்டும் என்பது சட்டம். எவ்வளவோ ஆய்வுக் குறிப்புகள் தொலைந்துபோன எங்கள் வாழ்க்கையில் அந்த நோட்டு மட்டும் எந்த இடமாற்றத்திலும் தொலையவில்லை.

இந்த இடைவெளியை விளையாட்டே பிற்பாடு அடைத்துவிட்டது. 2008 இறுதியில் வந்த 'ராத் ஆஃப் தி லிச் கிங்' விரிவாக்கத்தை ஒட்டி, மந்திரத்தைத் தோல்சுருளில் ஏற்றி ஏலக்கூடத்தில் விற்க வழி செய்தார்கள். மந்திரமேற்றுபவரும் கொல்லனைப் போலத் தூங்கப் போகலாம் என்றாயிற்று. 2022 நவம்பரில் வந்த 'டிராகன்ஃப்ளைட்' விரிவாக்கம் மற்ற கைத்தொழில்களுக்கும் ஒழுங்கு செய்தது. கவசமோ வாளோ வேண்டுபவர் மூலப்பொருளையும் கூலியையும் வேலைக்கோரிக்கையுடன் விளையாட்டிடமே ஒப்படைத்துவிடுவார். செய்பவர் அதை எடுத்துச் செய்துகொடுப்பார். யாரும் எடுக்காவிட்டால் பொருள் அஞ்சலில் திரும்பி வந்துவிடும். யாரும் யாருடைய உருண்டையையும் எடுத்துக்கொண்டு ஓட முடியாது. கூவல் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. செய்பவரின் தேர்ச்சியைப் பொறுத்துத் தரம் மாறும்படி வைத்திருப்பதால், உயர்ந்த தரத்திற்கு உறுதி என்று ஓடையில் இன்னும் எழுதுகிறார்கள். ஏற்பாடு சிறந்தது என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. 2006-ல் அது இருந்திருந்தால் அந்தப் போர்வீரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். எங்களில் ஒருவர் அதில் கவசமொன்று செய்துகொண்டார். கோரிக்கை வைத்த சில நிமிடங்களில் வேலை முடிந்தது. செய்தவருடன் ஒரு சொல்கூடப் பேச வேண்டியிருக்கவில்லை.

அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 2019 ஆகஸ்டில், பழைய விளையாட்டைப் பழையபடியே 'கிளாசிக்' என்ற பெயரில் திறந்தார்கள். தோல்சுருள் இல்லை, கோரிக்கைப் பலகை இல்லை, வங்கி வாசல் இருந்தது. நாங்கள் அப்போது வெவ்வேறு நகரங்களில், வெவ்வேறு குடும்பங்களில். கணக்குகளும் தனித்தனி. ஒருவர் மந்திரமேற்றல் கற்றார். மற்றவர், பழைய பாவத்திற்குப் பரிகாரம் போல, போர்வீரரானார். பல மாதங்கள் கழித்துக் குருசேடர் சுவடி மறுபடியும் கைக்கு வந்தது. தொலைபேசியில் பேசிக்கொண்டே பழைய விளம்பரத்தை நினைவிலிருந்து கூட்டி எழுதினோம். வங்கி வாசலில் நிற்கிறேன்.

யாரோ ஒருவர் வந்தார். ஒன்றும் கேட்காமல் சாளரத்தைத் திறந்து இரண்டு உருண்டைகளையும் நான்கு சில்லுகளையும் வைத்தார். பிறகு, வாள் நண்பரிடம் இருக்கிறது, வாங்கி வருகிறேன் என்று எழுதிவிட்டு ஓடினார். பத்து நிமிடமாயிற்று. அரைமணி ஆயிற்று. தொலைபேசியின் மறுமுனையில் குழந்தையின் அழுகை. இந்த முனையில் அடுப்பில் சோறு. அஞ்சலில் அனுப்பிவிட்டுப் போய்விடலாமே என்றார் ஒருவர். வேண்டாம், நிற்கிறேன் என்றுதானே எழுதியிருக்கிறோம் என்றார் மற்றவர். நோட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டார். மேசை இழுப்பறையில் இருந்தது. பென்சில்தான் அகப்படவில்லை, பேனாவால் எழுதினோம்.